கணக்கு யார் கையில்? கடன்பட்ட குடும்பங்களின் ஒரு சிறு வரலாறு



இது கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுப் பொறுமையாகப் படியுங்கள். குடும்பத்தையும் நடத்திக்கொண்டு கடனையும் அடைப்பது எப்படி என்று உங்களில் பலர் ஏதாவது ஒரு மாதத்தில் யோசித்திருப்பீர்கள். நான் பொருளாதாரம் படித்தவன் அல்ல, வரலாறு நடத்தியவன். அதனால் எனக்குத் தெரிந்த வழியில், நடந்ததைச் சொல்லிப் பார்க்கிறேன்.

1875-ஆம் ஆண்டு மே 12. பூனா மாவட்டத்தில் சூபா என்று ஒரு பெரிய கிராமம். சந்தை கூடும் ஊர், வட்டிக்குக் கொடுப்பவர்களும் கடைக்காரர்களும் நிறைய இருந்த ஊர். அன்று சுற்றுவட்டாரத்து விவசாயிகள் திரண்டு வந்து வட்டிக் கடைகளை வளைத்துக்கொண்டார்கள். அவர்கள் கேட்டது கணக்குப் புத்தகங்களையும் கடன் பத்திரங்களையும். கைக்குக் கிடைத்தவற்றைத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். தானியக் கடைகள் சூறையாடப்பட்டன, சில இடங்களில் வீடுகளும் எரிந்தன. ஆனால் ஆளை அடித்தது குறைவு. பல ஊர்களில் பத்திரத்தைக் கொடுத்துவிட்டால் கூட்டம் கலைந்து போனது. அகமத்நகர் வரை பரவி, முப்பதுக்கும் மேற்பட்ட கிராமங்களில் இது நடந்தது. தக்காணக் கலவரம் என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள்.

வகுப்பில் இதை நடத்தும்போதெல்லாம் யாராவது ஒரு பிள்ளை கேட்கும்: "சார், பணத்தை எடுத்துக்கொண்டு போகாமல் எதற்குக் காகிதத்தை எரித்தார்கள்?" நல்ல கேள்வி. இந்தப் பதிவு முழுவதும் அதற்கான பதில்தான்.

கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. 1861-ல் அங்கே உள்நாட்டுப் போர் மூண்டது. இங்கிலாந்தின் ஆலைகளுக்கு அமெரிக்கப் பஞ்சு வருவது நின்றது. பம்பாய் மாகாணப் பருத்திக்கு ஒரே கிராக்கி. கேட்டவருக்கெல்லாம் முன்பணம் கிடைத்தது. 1865-ல் போர் முடிந்ததும் அமெரிக்கப் பஞ்சு மறுபடியும் சந்தைக்கு வந்துவிட்டது. பருத்தி விலை இறங்கியது. கடன் கொடுத்தவர்கள் கையை மூடிக்கொண்டு பழைய பாக்கியைக் கேட்டார்கள். போதாததற்கு அரசாங்கம் நிலவரியையும் உயர்த்தியது. வருமானம் ஏறிய காலத்தில் வாங்கிய கடனை, வருமானம் இறங்கிய காலத்தில் அடைக்க வேண்டிய நிலை. இது எந்த ஊருக்கும் எந்தக் காலத்துக்கும் பொருந்தும் கஷ்டம்தான்.

ஆனால் விவசாயியை முறித்தது வேறொன்று. 1859-ல் ஒரு காலவரையறைச் சட்டம் வந்திருந்தது. கடன் பத்திரம் மூன்று ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும் என்றது அது. வட்டி ஆண்டுக்கணக்கில் குவிந்துவிடக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் போட்ட சட்டம். நடந்தது நேர்மாறு. மூன்று ஆண்டு முடியும்போது கட்டாத வட்டியை அசலோடு சேர்த்து, அந்த மொத்தத் தொகைக்குப் புதுப் பத்திரம் எழுதி வாங்கினார்கள். அடுத்த மூன்று ஆண்டு முடிந்ததும் மறுபடியும் அதே கதை.

நூறு ரூபாய் கடன், நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டி என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். மூன்று ஆண்டில் வட்டி 72. புதுப் பத்திரம் 172-க்கு. ஆறாம் ஆண்டு முடிவில் ஏறக்குறைய 296. ஒன்பதாம் ஆண்டு முடிவில் 509. கையில் வாங்கியது அதே நூறுதான். நடுவில் அவர் தானியமாகவும் பணமாகவும் கொடுத்தது கணக்கில் ஏறியதா? ரசீது கிடையாது. பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரியாது. பெருவிரல் ரேகையோ கீறலோ வைத்துவிட்டு வந்துவிடுவார். கொடுத்ததற்கு ரசீது தரவில்லை, வாங்காததை எழுதிக்கொண்டார்கள் என்பதுதான் பின்னால் வந்த விசாரணைக் குழுவிடம் அவர்கள் சொன்ன குறைகளில் முக்கியமானது.

இப்போது அந்த வீட்டுப் பெண்மணியை நினைத்துப் பாருங்கள். வீட்டு வரவு தெரியும், செலவும் தெரியும். கடன் எவ்வளவு என்று மட்டும் தெரியாது. அது இன்னொருவர் வீட்டுப் பெட்டியில், இன்னொருவர் எழுத்தில் இருக்கிறது. மூன்றில் ஒரு எண் தெரியாமல் எப்படி அவர் குடும்பத்துக்குத் திட்டம் போடுவார்? எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் கடன் குறைகிறதா கூடுகிறதா என்று தெரியாது. அப்படி ஒரு நிலையில் சிக்கனத்தின் மீதே நம்பிக்கை போய்விடும். அந்தப் பிள்ளையின் கேள்விக்கு என் பதில் இதுதான். தங்களைப் பற்றி எழுதப்பட்ட, தங்களால் படிக்க முடியாத ஒரு கணக்கைத்தான் அவர்கள் எரித்தார்கள்.

ஆங்கிலேய அரசுக்கும் இது ஓரளவு புரிந்தது. 1879-ல் தக்காண விவசாயிகள் நிவாரணச் சட்டம் வந்தது. பத்திரத்தைப் பதிவாளர் முன்னிலையில்தான் எழுத வேண்டும், பணம் கட்டினால் ரசீது கேட்டு வாங்கலாம், ஆண்டுக்கு ஒரு முறை கணக்கு விவரம் கேட்கலாம், பாஸ்புக் கேட்கலாம் என்றெல்லாம் அதில் இருந்தது. இன்று சாதாரணமாக நாம் கையில் வைத்திருக்கும் பாஸ்புக், ஒரு காலத்தில் சட்டம் போட்டு வாங்கித்தர வேண்டிய உரிமையாக இருந்தது. ஐம்பது ஆண்டு கழித்து 1930-ல் பஞ்சாபிலும் கடன் கொடுப்பவர் ஆறு மாதத்துக்கு ஒரு முறை கணக்கு எழுதித் தர வேண்டும் என்று தனிச் சட்டமே போட்டார்கள்.

சரி, நம் பக்கம் என்ன நடந்தது?

சென்னை மாகாண அரசு 1892-ல் ஃபிரடெரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை ஒரு தனி வேலைக்கு அமர்த்தியது. கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டை எழுதியவர் இவர்தான். ஐரோப்பாவில் விவசாயிகளுக்குக் கடன் எப்படிக் கிடைக்கிறது, அதை இங்கே கொண்டுவர முடியுமா என்று ஆராய்வதுதான் அந்த வேலை. 1895-லும் 1897-லும் இரண்டு பெரிய தொகுதிகளாக அவர் அறிக்கை கொடுத்தார். நம் ஊர் நிதிகளையும் அவர் கவனித்தார். மயிலாப்பூர் இந்து பெர்மனன்ட் ஃபண்ட் 1872-லேயே தொடங்கியது என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் கிராமத்துக்கு அவர் பரிந்துரைத்த மாதிரி ஜெர்மனியிலிருந்து வந்தது. ரைஃபைசன் போன்ற ஒருவரைத் தேடிப் பிடியுங்கள் என்பதுதான் அவர் அறிக்கையின் சாரம்.

யார் இந்த ரைஃபைசன்? ஃபிரீட்ரிக் வில்ஹெல்ம் ரைஃபைசன், 1818-ல் பிறந்தவர். ரைன் நதிப் பகுதியில் சின்னச் சின்ன ஊர்களின் மேயராக இருந்தவர். 1846-47 குளிர்காலப் பஞ்சத்தில் ஊராருக்கு ரொட்டி கிடைக்க ஒரு சங்கம் அமைத்தார். பிறகு மாடு வாங்கக் கடன்பட்டு மாட்டையும் நிலத்தையும் இழந்தவர்களுக்காக இன்னொரு சங்கம். முதலில் வசதியானவர்களின் உதவியை வைத்துத்தான் நடத்தினார். தர்மத்தை மட்டும் நம்பி இது நெடுநாள் ஓடாது என்று அனுபவத்தில் கண்டார். 1864-ல் ஹெட்டஸ்டோர்ஃப் என்ற ஊரில் தொடங்கிய கடன் சங்கத்தில் கடன் வாங்குபவர்களே உறுப்பினர்கள், எல்லோர் கடனுக்கும் எல்லோரும் பொறுப்பு.

இதன் நுட்பம் என்னவென்றால், சங்கம் ஒரே ஊருக்குள் இருக்கும். யார் எதற்குக் கடன் வாங்குகிறார் என்பது மற்றவர்களுக்குத் தெரியும். எப்போது அறுவடை, எப்போது கையில் காசு வரும் என்பதும் தெரியும். அதற்கேற்பத் தவணை வைப்பார்கள். கணக்கை உறுப்பினர்கள் கூடிப் பார்ப்பார்கள். கடன்காரர் வீட்டுப் பெட்டியில் இருந்த நோட்டு ஊர்ப் பொது மேசைக்கு வந்துவிட்டது.

1904 மார்ச்சில் இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் இப்போதைய திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள திரூரில் நம் மாகாணத்தின் முதல் விவசாயக் கடன் சங்கம் தொடங்கியது. காஞ்சிபுரத்தில் நகரக் கூட்டுறவு வங்கி பதிவானதும் அதே ஆண்டுதான். திருவல்லிக்கேணியில் டி.யூ.சி.எஸ். பிறந்ததும் 1904-ல்தான். அது கடன் கொடுக்கப் பிறந்த சங்கம் அல்ல. அரிசியும் பருப்பும் நியாய விலையில் விற்கப் பிறந்தது. ஆனால் இரண்டுக்கும் உறவு உண்டு. மளிகைக் கடைப் பற்று நோட்டில்தான் பல குடும்பங்களின் கடன் தொடங்குகிறது. என்ன விலை, எவ்வளவு எடை, எவ்வளவு பாக்கி என்பதைக் கடைக்காரர் மட்டும் எழுதும் நோட்டு அது.

கிராமம் இப்படியென்றால், ஆலைத் தொழிலாளியின் வீடு எப்படி இருந்தது? 1929-ல் விட்லி என்பவர் தலைமையில் அமைந்த ராயல் தொழிலாளர் ஆணையம் இந்தியா முழுவதும் சுற்றி 1931-ல் அறிக்கை கொடுத்தது. பெரும்பாலான தொழில் நகரங்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாத குடும்பங்கள் கடனில் இருப்பதாகவும், கடன் பெரும்பாலும் மூன்று மாதச் சம்பளத்துக்கு மேல் இருப்பதாகவும் அது கணித்தது. ரூபாய்க்கு மாதம் ஓரணா வட்டி என்பது சாதாரணமாம். ஓரணா என்றால் சின்னதாகத் தெரியும். கணக்குப் போட்டால் நூற்றுக்கு மாதம் ஆறேகால், ஆண்டுக்கு 75 ரூபாய்!

இந்த இடத்தில் இன்னொரு ஜெர்மானியரைச் சொல்ல வேண்டும். எர்ன்ஸ்ட் ஏங்கல் என்ற புள்ளியியல் அறிஞர். மார்க்ஸின் நண்பர் எங்கெல்ஸ் வேறு, இவர் வேறு. பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவுகளை வைத்து 1857-ல் ஒன்றைக் கண்டு சொன்னார். குடும்பம் எவ்வளவு ஏழையோ, அவ்வளவு பெரிய பங்கு சாப்பாட்டுக்குப் போகும். இதை நம் ஓரணா வட்டியோடு சேர்த்துப் பாருங்கள். சம்பளத்தில் பெரும்பகுதி சாப்பாட்டுக்கு என்றால், வட்டி கட்டச் சாப்பாட்டைத் தவிர வேறு எதைக் குறைப்பது? சிக்கனமில்லாததால்தான் ஏழை கடன்படுகிறான் என்று சொல்பவர்களுக்கு இது ஒரு பதில். குறைக்க இடமே இல்லாத குடும்பத்துக்குச் சிக்கனத்தைப் போதிப்பதில் பயனில்லை. அங்கே வட்டியைத்தான் குறைக்க வேண்டும்.

அந்த வேலையைச் சட்டம் செய்த ஒரு காலமும் உண்டு. 1929-க்குப் பிறகு உலகப் பெருமந்தம் வந்தது. நெல் விலை விழுந்தது. பத்து மூட்டை விற்று அடைக்க வேண்டிய கடனுக்கு இருபது மூட்டை விற்க வேண்டிய நிலை. பத்திரத்தில் இருந்த எண் மாறவில்லை, அதன் பாரம் மாறிவிட்டது. 1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்க அடிப்படையைக் கைவிட்டதும் தங்கத்தின் ரூபாய் விலை ஏறியது. கடனில் இருந்த குடும்பங்கள் நகையை விற்றன. அந்தத் தங்கம் கப்பல் கப்பலாக வெளிநாடு போனது. நம் பாட்டிமார் பலரின் கழுத்து வெறுமையானது அந்தக் காலத்தில்தான்.

1937-ல் ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமரானார். அடுத்த ஆண்டு மார்ச்சில் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் வந்தது. 1932 அக்டோபர் 1-க்கு முன் வாங்கிய கடன் என்றால், 1937 அக்டோபர் 1 வரை நிலுவையில் நின்ற வட்டி முழுவதும் தள்ளுபடி. அதைவிட முக்கியம் இன்னொரு விதி. வாங்கிய அசலைப்போல் இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால், அந்தக் கடன் தீர்ந்ததாகவே கொள்ளப்படும். கட்டியது போதும், எழுந்து போ என்று சட்டமே சொன்ன மாதிரி.

ஆனால் இரண்டு மடங்கு கட்டினேன் என்று எதை வைத்துச் சொல்வது? ரசீது வேண்டும், அல்லது எழுதி வைத்த கணக்கு வேண்டும். சட்டம் கதவைத் திறந்தாலும் உள்ளே போக ஒரு துண்டுக் காகிதம் தேவைப்பட்டது. 1943-ல் வந்த அடகுக் கடைச் சட்டமும், 1957-ல் வந்த வட்டித் தொழில் சட்டமும் சீட்டையும் ரசீதையும் கட்டாயமாக்கியதற்குக் காரணம் இதுதான். அடகுச் சீட்டை அம்மாமார் அரிசிப் பானைக்கு அடியில் பத்திரப்படுத்தியது சும்மா இல்லை.

இனி எங்கள் வீட்டுக்கு வருகிறேன். உறவினர்களில் மூத்தவர்களுக்கு இது தெரிந்த கதைதான். பேரப் பிள்ளைகளுக்காக எழுதி வைக்கிறேன்.

1962-ல் அத்தையின் கல்யாணம் முடிந்தபோது அப்பாவுக்கு 1,100 ரூபாய் கடன். சம்பளம் 110. கடன் மூன்று இடத்தில் இருந்தது. ஒருவரிடம் 200 ரூபாய், ரூபாய்க்கு மாதம் 6 பைசா வட்டி. அதாவது பழைய ஓரணா வட்டிக்கு நயா பைசாவில் புதுப் பெயர். இன்னொருவரிடம் 500, நூற்றுக்கு மாதம் 2 ரூபாய். அலுவலகச் சொசைட்டியில் 400, நூற்றுக்கு ஆண்டுக்கு 9 ரூபாய்.

அம்மா ஐந்தாம் வகுப்புதான் படித்தவர். என் பழைய பள்ளி நோட்டில் மிஞ்சிய பக்கங்களைப் பிரித்துத் தைத்து ஒரு கணக்கு நோட்டு செய்தார். மூன்று கடனையும் தனித்தனியாக எழுதி, பக்கத்தில் மாத வட்டியை எழுதினார். 12, 10, 3. மொத்தம் 25 ரூபாய். எப்படி இழுத்துப் பிடித்தாலும் மாதம் 30 ரூபாய்க்கு மேல் கடனுக்கு ஒதுக்க முடியாது. 30-ல் 25 வட்டிக்கே போனால் அசலில் குறைவது 5 ரூபாய்.

அந்தப் பக்கத்தை அப்பாவிடம் காட்டினார். அதுவரை மூன்று பேரில் யார் வாசலுக்கு வந்து சத்தம் போடுகிறார்களோ அவருக்கு முதலில் கொடுப்பதுதான் அப்பாவின் வழக்கம். அம்மா சொன்னது வேறு. சத்தம் போடுகிறவரை விடுங்கள், நம்மை அதிகம் தின்கிறவர் யார் என்று பாருங்கள் என்றார். மிகச் சிறிய கடனான அந்த 200-தான் மிகப் பெரிய வட்டியைத் தின்றுகொண்டிருந்தது. கையிலிருந்த வளையலை விற்று அதை முடித்தார். அடகு வைக்கவில்லை, விற்றார். வைத்தால் அதற்கும் ஒரு வட்டி என்றார்.

மாத வட்டி 25-லிருந்து 13-ஆக இறங்கியது. அதே 30 ரூபாயில் இப்போது அசலுக்கு 17. சொசைட்டிக்கு வட்டி 3 மட்டும் கட்டிவிட்டு மீதி 27-ஐயும் அந்த 500-க்கே கொடுத்தார்கள். இரண்டு ஆண்டுக்குள் அது முடிந்தது. பிறகு முழு 30-ம் சொசைட்டிக்கு. ஆக மூன்று ஆண்டும் இரண்டு மாதமும். நீங்களே கணக்குப் போட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

அந்த மூன்று ஆண்டும் வீட்டில் 80 ரூபாயில்தான் குடித்தனம். கறி மாதத்துக்கு ஒரு நாள். தீபாவளிக்கு எங்களுக்கு மட்டும் துணி. ஆனால் அந்த 80-லிருந்தும் மாதம் 2 ரூபாயை அம்மா கடுகு டப்பாவில் போட்டுவிடுவார். எவ்வளவு நெருக்கடியிலும் அதைக் கடனுக்குக் கொடுத்ததில்லை. ஏன் என்று கேட்டதற்கு, நாளைக்கு உனக்குக் காய்ச்சல் வந்தால் யாரிடம் போய் நிற்பது என்றார். கடன் அடைக்கும் குடும்பத்தை மறுபடியும் கடனில் தள்ளுவது பெரிய செலவு அல்ல, இப்படி வரும் ஒரு காய்ச்சல்தான். டப்பாவில் இருந்த அந்தச் சில்லறை புதுப் பத்திரம் எழுதாமல் எங்களைக் காத்தது. சூபா விவசாயிக்கு இல்லாமல் போனது அதுதான்.

எங்களுக்கு ஒன்று வாய்த்தது என்பதையும் சொல்ல வேண்டும். மாதச் சம்பளம் இருந்தது, சொசைட்டி இருந்தது, விற்க வளையல் இருந்தது, அம்மாவுக்கு எழுத்தும் கூட்டலும் தெரிந்திருந்தது. இவை இல்லாத வீடுகள் எத்தனையோ. பிற்காலத்தில் 1989-ல் தர்மபுரியில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கியபோது எனக்கு அம்மாவின் நோட்டுதான் நினைவுக்கு வந்தது. மாதச் சேமிப்பு, உறுப்பினருக்கு ஒரு பாஸ்புக், யார் எவ்வளவு வாங்கினார், எவ்வளவு கட்டினார் என்பதைக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் படிப்பது. ரைஃபைசனின் பொது மேசை கோணிச் சாக்காகவும் பாயாகவும் நம் ஊர்ப் பெண்களிடம் வந்து சேர்ந்தது.

இன்றைக்கு எல்லோருக்கும் படிக்கத் தெரியும். கைபேசியிலேயே கணக்கு இருக்கிறது. பிரச்சினை தீர்ந்துவிட்டதா?

தண்டல் வட்டியைப் பாருங்கள். 10,000 என்று எழுதிக்கொண்டு 9,000 கையில் தருவார்கள். தினம் 100 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். வட்டி ஆயிரம்தானே, பத்து சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே திருப்பிக் கட்டுகிறீர்கள். நூறு நாளில் சராசரியாக உங்கள் கையில் நிற்பது சுமார் 4,500-தான். அதற்கு நூறு நாளில் 1,000 வட்டி என்றால் ஆண்டுக்கு ஏறக்குறைய 80 சதவீதம். விட்லி ஆணையம் கண்ட ஓரணா வட்டியைத் தாண்டிவிட்டது! கிரெடிட் கார்டில் மாதம் மூன்றரை சதவீதம் என்று சின்ன எழுத்தில் இருந்தால் ஆண்டுக்கு 42. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் அப்பா 25 ரூபாய் வட்டி கட்டிய அதே கதைதான். பழைய கடனை முடிக்க அதற்கு மேலே ஒரு 'டாப் அப்' கடன் என்றால், அது மூன்று ஆண்டுக்கு ஒரு முறை எழுதிய புதுப் பத்திரம்.

தமிழ்நாட்டில் 2003-லேயே கந்து வட்டித் தடைச் சட்டம் வந்துவிட்டது. மீட்டர் வட்டி, தண்டல் எல்லாம் அதில் பெயர் சொல்லியே வருகின்றன. அப்படியிருந்தும் 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் இரண்டு சிறு குழந்தைகளோடு ஒரு குடும்பம் தீக்கிரையானது. நீங்கள் எல்லோரும் அந்தச் செய்தியைப் பார்த்தீர்கள். 1875-ல் கடன்பட்டவர்கள் காகிதத்தை எரித்தார்கள். 142 ஆண்டு கழித்து நம் ஊரில் ஒரு குடும்பம் தன்னையே எரித்துக்கொண்டது. அதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். கடனில் தனியாகத் தவிப்பவர் யாராவது இதைப் படித்தால், இன்றே வீட்டில் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். மிரட்டல் என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். தகுதி உள்ளவர்களுக்கு அங்கே வக்கீல் உதவி இலவசம். எவ்வளவு பெரிய கடனும் ஒரு உயிருக்கு ஈடாகாது.

நல்ல செய்தியும் ஒன்று உண்டு. 2024 அக்டோபர் 1 முதல், வங்கியோ நிதி நிறுவனமோ தனிநபருக்குக் கடன் கொடுக்கும்போது 'முக்கிய விவர அறிக்கை' ஒன்று தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்துள்ளது. எல்லாக் கட்டணங்களையும் சேர்த்து ஆண்டுக்கு உண்மையில் எத்தனை சதவீதம், தவணை எவ்வளவு என்றெல்லாம் அதில் இருக்க வேண்டும். அதுவும் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில். ஆம், தமிழில் கேட்கலாம். சூபாவின் விவசாயிகள் கேட்டது ஏறக்குறைய இதைத்தான். கையெழுத்துப் போடும் முன் அதைக் கேட்டு வாங்கிப் படிக்காமல் விடாதீர்கள்.

இந்த வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கொண்டவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

1. எல்லாக் கடனையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். மளிகைக் கடை பாக்கி, மச்சானிடம் வாங்கிய கைமாற்று, நகைக் கடன், கார்டு எல்லாம். அசல் ஒரு பக்கம், மாத வட்டி பக்கத்தில்.

2. யார் சத்தம் போடுகிறார் என்று பார்க்காதீர்கள். எது அதிகம் தின்கிறது என்று பாருங்கள். மற்றவற்றுக்குத் தவணை தவறாமல் கட்டிக்கொண்டு, மிச்சம் எல்லாவற்றையும் அதற்கே கொடுங்கள். அது முடிந்ததும் அந்தத் தொகையை வீட்டுச் செலவில் கரைக்காமல் அடுத்த கடனுக்குத் திருப்புங்கள்.

3. கடுகு டப்பாவில் கொஞ்சம் வையுங்கள். கடன் தீரும் வரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

4. பழைய கடனைச் சேர்த்துப் புதுப் பத்திரம் எழுதாதீர்கள். வட்டி நிச்சயமாகக் குறைகிறது, கணக்குப் போட்டுப் பார்த்தாயிற்று என்றால் மட்டும் மாற்றுங்கள்.

5. கட்டியதற்கெல்லாம் ரசீது. உறவுக்காரராக இருந்தாலும் இரு பக்கமும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். எழுதி வைத்தால் உறவு கெடாது. எழுதாத கணக்கில்தான் மனக்கசப்பு வளர்கிறது.

6. அந்த நோட்டு கணவன் மனைவி இருவர் கையிலும் இருக்கட்டும். விவரம் தெரிந்த பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். எங்களுக்கு ஏன் தீபாவளிக்கு ஒரு துணிதான் என்று அம்மா அந்தப் பக்கத்தைக் காட்டித்தான் சொன்னார். அதன் பிறகு நாங்கள் கேட்கவில்லை.

உங்கள் வீடுகளிலும் இப்படி ஒரு நோட்டு இருந்திருக்கும். பாட்டியோ அம்மாவோ எழுதியது, சொசைட்டி பாஸ்புக், பழைய அடகுச் சீட்டு என்று ஏதாவது பரணில் கிடக்கலாம். கிடைத்தால் தூக்கிப் போடாதீர்கள். முடிந்தால் ஒரு படம் எடுத்துக் கீழே போடுங்கள், யாருக்குக் கடன் என்ற பெயரை மட்டும் மறைத்துவிட்டு. அரசர்களின் வரலாறு கல்வெட்டில் இருக்கிறது. நம் வீட்டு வரலாறு இந்த நோட்டுகளில்தான் இருக்கிறது.

கணக்குப் போடத் தயக்கமாக இருப்பவர்கள் தனிச் செய்தியில் எழுதுங்கள். சேர்ந்து உட்கார்ந்து போடலாம். எனக்கு இப்போது நேரம் நிறைய இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் வரலாறு ஆசிரியர்